அப்பா மறுபடியும் 108-ஐ அழைத்துவிட்டார்



ஊரப்பாக்கத்தில் மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றுவிட்ட ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பொழுது சாய்கிறது. டிமென்ஷியா என்னும் மறதி நோயுள்ள பெரியவர் தொலைபேசியை எடுத்து, "வீட்டுக்குள் யாரோ ஆள் வந்துவிட்டான்" என்று பதறுகிறார். ஜன்னல் கண்ணாடியில் தெரிந்தது அவருடைய முகமே. பத்து நிமிடம் கழித்து மறுபடியும் அழைக்கிறார். முன்பு அழைத்தது அவர் நினைவில் இல்லை, பயமோ போகவில்லை.

"இப்போதுதானே பேசினீர்கள் மாமா?" என்று கடிந்துகொள்வதால் பயனில்லை. சொன்ன வார்த்தையை அவர் மறந்துவிடுவார், மனம் நொந்தது மட்டும் தங்கிவிடும். "பயந்துவிட்டீர்களா? நான் இங்கேதான் இருக்கிறேன்" என்றால் போதும். ஆள் வந்தானா இல்லையா என்று வாதாட வேண்டாம்.

ஆனால் அழைப்பு வீணானதுதானா என்பதை முதலில் பாருங்கள். இதுவரை அமைதியாயிருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று குழம்பினால், அதை மறதி நோயின் தலையில் போடலாகாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வெயில் காலத்தில் தண்ணீர் குறைந்துபோதல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகிய இவற்றில் எதுவும் காரணமாகலாம். முதியோருக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் காணாமலிருப்பதுண்டு. தாமதமின்றி மருத்துவரிடம் காட்டுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால், நேற்றும் அதையே சொன்னார் என்பதற்காக அலட்சியம் செய்யாமல் நீங்களே 108-ஐ அழையுங்கள்.

அழைப்பு வரும் நேரத்தை ஒரு வாரம் நோட்டில் குறித்துவையுங்கள். பல வீடுகளில் அது மாலை வேளையாகவே இருக்கும். இருட்டுமுன் விளக்கைப் போட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டு, காப்பி கொடுத்து, கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுங்கள். வெளியிலிருப்பவர் அந்த நேரத்துக்குச் சற்று முன்னதாகத் தாமே போன் செய்வது நல்லது.

தொலைபேசியைப் பிடுங்கிக்கொள்ளலாமா? கூடாது, உண்மையான ஆபத்து நாளைக்கே வரலாம். இன்னொன்றும் உண்டு, இது அநேகருக்குத் தெரியாது. 2017 முதல் இந்தியாவில் விற்கப்படும் கைபேசிகளுக்கு அவசர அழைப்பு வசதி கட்டாயமாக்கப்பட்டது. பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் அவசர எண்ணுக்குப் போய்விடும். ஸ்மார்ட் போனில் பவர் பட்டனை அடுத்தடுத்துச் சில முறை அழுத்தினாலும் அப்படியே. பெரியவர் வேண்டுமென்று அழைக்காமலே அழைப்பு போயிருக்கக்கூடும்! ஆகவே மகனுடைய எண்ணை அந்த இரண்டு பட்டன்களில் வைக்காதீர்கள், 2-இல் வையுங்கள்.

அழைப்பு போய்விட்டதா? பேசாமல் துண்டிக்க வேண்டாம். "தவறுதலான அழைப்பு, அவருக்கு மறதி நோய், நான் உடனிருக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். 2008-இல் தமிழகத்தில் தொடங்கிய இந்த இலவச ஆம்புலன்ஸை ஜி.எஸ்.டி. சாலையில் அடிபட்டுக் கிடப்பவர் எதிர்பார்த்திருக்கலாம். காவல் நிலையத்துக்கே அடிக்கடி அழைப்பவரானால், விவரத்தையும் உங்கள் எண்ணையும் எழுதி அங்கே கொடுங்கள். அவர் அழைத்தால் உங்களுக்கும் தெரிவிக்கும்படி கேளுங்கள். அழைப்பைப் பொருட்படுத்த வேண்டாமென்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வீடு சந்திக்கச் செல்லும் சபையார் இப்படிப்பட்ட வீட்டுக்கு ஞாயிறு மதியம் போவதைவிட, வாரநாளில் மாலை ஐந்து மணிக்குப் போய் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பது பேருதவி. "என்னைத் தெரிகிறதா?" என்று கேட்காமல், உங்கள் பெயரை நீங்களே சொல்லிவிட்டு உட்காருங்கள்.