ஆள் இல்லாமல் ஓடும் தூரம்

நீர்வேலியில் வீட்டை வைத்துக்கொண்டு ஓட்டோ ஓட நினைக்கிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செயலிக்குப் போகும் கொமிசனோ, ஸ்டாண்டுக்காரரின் சண்டையோ உங்களைக் கவிழ்க்காது. ஆள் இல்லாமல் ஓடும் தூரம் கவிழ்க்கும். இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. காலம் காலமாகச் சந்தியில் நிற்கிறவர்களுக்கு இது தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு ஆறாத மனத்தாங்கல்.

நான் வண்டி எடுத்தபோது ஊர் ஸ்டாண்டில் இடம் கேட்டேன். "இருக்கிற ஆக்களுக்கே ஹயர் காணாது தம்பி, நீர் ரவுணுக்குப் போம்" என்றார்கள். போனேன். பருத்தித்துறை வீதியால் கோப்பாய், இருபாலை, கல்வியங்காடு தாண்டி யாழ்ப்பாண நகரம் சேர ஏறக்குறைய 10 கிலோமீற்றர். 2020-இல் வாகன இறக்குமதி நின்றபின் பழைய ஓட்டோக்களின் விலை ஏறியிருந்தது. அந்த விலைக்கு லீசிங் போட்டு எடுத்த வண்டியை வீட்டு முற்றத்தில் நிறுத்திவைக்க முடியுமா? காலையில் வெறும் வண்டியாகப் போய், இரவு வெறும் வண்டியாகத் திரும்பினேன். அந்தத் தூரத்தை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. வேலைக்குப் போய் வருகிற எவரும் எடுப்பதில்லை.

2022-ஆம் ஆண்டு அந்தக் கணக்கைக் கண்முன் விரித்துக் காட்டியது. ஜூன் கடைசியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியிருந்தது. பிறகு கியூஆர் முறை வந்தது; ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர். என் வண்டி லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடும். ஆகவே ஒரு கிழமைக்கு எனக்குக் கிடைத்தது 125 கிலோமீற்றர். ரவுணுக்குப் போய்வர நாளுக்கு 20. ஆறு நாள் போனால் 120. ஒரு சனத்தையும் ஏற்றாமல், ஒரு ரூபாவும் உழைக்காமல், கிழமைப் பெற்றோல் முழுவதும் வேலைக்குப் போய்வரவே சரி. பெற்றோல் செற்றில் வரிசையில் நின்றபோதுதான் இதைக் கூட்டிப் பார்த்தேன். 2023 செப்டெம்பரில் கியூஆர் கட்டுப்பாடு நீங்கியது. வரிசையோடு சேர்த்து இந்தக் கணக்கையும் எல்லாரும் மறந்துவிட்டார்கள். பெற்றோல் தாராளமாகக் கிடைக்கிறது என்பதற்காக வெறும் தூரம் இலாபமாகிவிடாது.

செயலி வந்ததும் இது தீரும் என்று நம்பினேன். 2015-இல் கொழும்பில் தொடங்கிய பிக்மி எங்கள் பக்கமும் வந்துவிட்டது. போன் கையில் இருந்தால் ஹயர் தானாக வரும் என்றார்கள். வரும். எந்தத் திசைக்கு வரும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு பின்னேரம் ரவுணில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஏறியது. காரைநகர் கசூரினா கடற்கரைக்கு ஒருவழி ஹயர். பொன்னாலைப் பாலத்தைக் கடக்கும்போதே, "தம்பி, நீங்கள் நில்லுங்கோ, திரும்பவும் உங்களிலதான் வருவம்" என்றார்கள். நம்பி நின்றேன். இருட்டும் நேரத்தில் உறவினரின் வான் ஒன்று வந்தது. அதில் ஏறிப் போய்விட்டார்கள். நின்ற நேரத்துக்குக் கேட்டபோது, "அப்பில காட்டின காசு தந்தாச்சுத்தானே" என்ற பதில். அங்கே அந்த நேரத்தில் திரும்பும் ஹயர் எங்கே கிடைக்கும்? சங்கானை, சுன்னாகம், உரும்பிராய் என்று வெறும் வண்டியை உருட்டிக்கொண்டு வீடு வந்தேன். பவுணில் உழைக்கிறவர்களுக்கு அது ஒரு தேநீர்க் காசு. எனக்கு அன்றைய உழைப்பு முழுவதும் அதற்குள் போனது. அந்த மாத லீசிங் தவணை பிந்தியதற்கும் அதுதான் தொடக்கம். தண்டப்பணம், தொலைபேசி மிரட்டல், வண்டியைத் தூக்குவோம் என்ற பேச்சு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மனைவியின் காப்பை அடகு வைத்துத்தான் வண்டியைக் காப்பாற்றினேன்.

ஆகவே தீவுப்பக்கம், வல்லைக்கு அப்பால், கிளிநொச்சிப் பக்கம் போகும் ஹயர் என்றால் ஏற்றுமுன் திரும்பும் காசையும் வெயிற்றிங் காசையும் பேசி முடியுங்கள். பேச வெட்கப்படாதீர்கள். வெட்கப்பட்டவன் பெற்றோலுக்குக் கடன் கேட்பான்.

இப்போது நான் ஓடும் முறை வேறு. காலையில் ஊரிலிருந்து வேம்படிக்கும் யாழ் இந்துக்கும் போகும் பிள்ளைகளை மாத ஹயரில் ஏற்றுகிறேன். மூன்று பேர்தான்; சட்டமும் அதுதான். ஏழெட்டுப் பிள்ளைகளை அடைத்து ஏற்றுகிறவர்களைக் காட்டி, "அவை குறைச்சு எடுக்கினம்" என்று சொல்லும் பெற்றோருக்கு நான் இறங்கிக் கொடுப்பதில்லை. மலிவாக வேண்டுமென்றால் அங்கே போகட்டும். பிள்ளைகளை ஏற்றுவதால் முன்பு வெறுமையாகப் போன 10 கிலோமீற்றர் காசாகிவிட்டது. பள்ளிக்கூடம் விடும்வரை செயலியைப் போட்டு ரவுணுக்குள்ளேயே சின்ன ஓட்டங்கள்: பஸ் நிலையம், போதனா வைத்தியசாலை, திருநெல்வேலிச் சந்தை. பிள்ளைகளோடு ஊர் திரும்பி, வீட்டில் சோறு சாப்பிட்டுவிட்டு, பின்னேரம் ஊரிலேயே நிற்கிறேன். உங்களுக்கும் வீட்டுச் சோறும் கிணற்றடியும் இருக்கும். வாடகை அறையில் இருக்கும் கொழும்புக்காரரைப் போல நாள் முழுக்க வீதியில் கிடக்க வேண்டியதில்லை. பலாலிக்குச் சென்னை விமானம் 2022 டிசம்பரில் மீண்டும் வரத் தொடங்கியபின் அந்தப் பக்க ஹயரும் உண்டு. நீர்வேலிக்குப் பலாலி தூரமில்லை.

ஸ்டாண்டுக்காரருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ரவுணில் செயலி ஹயர் ஏற்றப்போன இடத்தில் என்னைச் சுற்றி நின்று வண்டித் திறப்பைப் பறித்தீர்கள். உங்கள் வயிற்றுப்பாடு எனக்குப் புரியும். எனக்கும் அதே வயிறுதான். ஆனால் சனம் ஏன் போனை எடுக்கிறது? சூட்கேசைப் பார்த்து ஒரு விலை, வேட்டியைப் பார்த்து ஒரு விலை சொன்னது யார்? மீற்றரைப் போட்டு ஓடியிருந்தால் பாதிச் சனம் உங்களோடேயே நின்றிருக்கும்.

மற்றவை சின்ன விஷயங்கள். எங்கள் ஒழுங்கைகளில் லொக்கேசன் புள்ளியை நம்பாதீர்கள், போன் அடித்துக் கேளுங்கள். வீட்டு இலக்கம் தெரியாதவரும் பிள்ளையார் கோயிலடி, மதவடி, வாசிகசாலையடி என்று சரியாகச் சொல்வார். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் கோயிலைச் சுற்றிப் பாதை மூடியிருக்கும். சுற்றுத் தூரத்தை முதலே சொல்லிவிடுங்கள். வல்லை வெளியில் காற்று வண்டியைத் தள்ளும். இரவில் அங்கே வேகம் வேண்டாம். சில்லறை வைத்திருங்கள். காப்புறுதி, வரிப் பத்திரம், புகைச் சான்றிதழ் மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள். வைத்தியசாலைக்கு வருத்தக்காரரை ஏற்றினால் காசைப் பற்றி வழியில் கதைக்காதீர்கள்.

ஒரு கொப்பி வாங்குங்கள். இரவு வண்டியை நிறுத்தியதும் ஆளோடு ஓடிய தூரத்தை ஒரு பக்கத்திலும் ஆள் இல்லாமல் ஓடிய தூரத்தை மறுபக்கத்திலும் எழுதுங்கள். ஒரு மாதம் எழுதிப் பார்த்தபின் வெறும் தூரம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், இன்னும் கூட நேரம் ஓடி அதைச் சரிக்கட்டலாம் என்று நினைக்காதீர்கள். ஓடும் இடத்தை மாற்றுங்கள்.