வாயிலில் அமர்ந்த பெண்கள்

நுழையும்முன்

உலகப் பேரவைகள் பெண்ணுரிமைக்காகத் தீர்மானங்கள் இயற்றுகின்றன. அவை சந்தையில் மீன் விற்கும் ஒரு பெண்ணின் வாழ்வை எப்போது தொடுகின்றன? மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவில் எளிய பெண்கள் நடத்திய அறப்போராட்டத்தின்வழி இவ்வினாவை அணுகுகிறது இப்பாடம்.

1985ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கென்யத் தலைநகர் நைரோபியில் ஐக்கிய நாடுகள் அவையின் மூன்றாம் உலக மகளிர் மாநாடு கூடியது. சமத்துவம், வளர்ச்சி, அமைதி ஆகிய மூன்றும் அதன் குறிக்கோள்கள். முதலிரண்டும் பெண்களுக்கு உரியவை என்பதை எவரும் ஏற்பர். அமைதி எவ்வாறு பெண்களுக்கு உரிய பொருளாகும் என்று ஐயுறுவோர் இன்றும் உளர். அதற்கான விடை ஆப்பிரிக்க மண்ணிலிருந்தே வந்தது.

2000ஆம் ஆண்டு மே மாதம் நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹோக்கில் ஓர் அறிக்கை உருவானது. அமைதிப் பணிகள் அனைத்திலும் பெண்களுக்கு உரிய பங்கு வேண்டும் என்பது அதன் சாரம். அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று, நமீபியா தலைமை வகித்த பாதுகாப்பு அவை 1325ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. போரைத் தடுத்தல், உடன்படிக்கை காணுதல், நாட்டை மீளக் கட்டுதல் ஆகியவற்றில் பெண்கள் இடம்பெற வேண்டும் என்று அது உரைத்தது. உரைத்தது என்பதே பொருத்தமான சொல். ஏனெனில் போர்க்களங்களில் அதன் குரல் உடனே எட்டிவிடவில்லை.

லைபீரியாவில் 1989இல் மூண்ட உள்நாட்டுப்போர் இடையே சிறிது ஓய்ந்து, மீண்டும் வெடித்து, 2003 வரை நீண்டது. இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகிறது. சிறுவர் கைகளிலும் துப்பாக்கிகள் திணிக்கப்பட்டன. அச்சிறுவர்களின் மனக்காயங்களை ஆற்றும் பணியில் இருந்தவர் லேமா போவி என்னும் இளந்தாய். அவரும் தோழியரும் தேவாலயங்களிலும் பள்ளிவாசல்களிலும் சந்தைகளிலும் பெண்களைத் திரட்டினர். சமய வேறுபாடு அங்கே தடையாகவில்லை.

2003 ஏப்ரலில் தலைநகர் மன்ரோவியாவின் மீன்சந்தையருகே இருந்த திடலில் அப்பெண்கள் அமர்ந்தனர். குடியரசுத் தலைவர் சார்லஸ் டெய்லரின் ஊர்திகள் செல்லும் சாலையை ஒட்டியது அத்திடல். மீன் விற்போர், உழவுப் பெண்கள், வீடிழந்து முகாம்களில் வாழ்ந்தோர் எனப் பலரும் வெண்ணிற உடையுடன், அணிகலன் ஏதுமின்றி வந்தனர். வெயிலிலும் மழையிலும் நாள்தோறும் அமர்ந்தனர். அன்றைய உழைப்பே அன்றைய உணவு என்றிருந்தவர்கள் தம் வேலையை விட்டு வந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. ஏப்ரல் 23 அன்று டெய்லர் அவர்களைச் சந்தித்தார். அமைதிப் பேச்சுக்கு இசைந்தார்.

ஜூன் மாதம் கானாவின் தலைநகர் அக்ராவில் பேச்சு தொடங்கியது. போரிட்ட குழுக்களின் தலைவர்கள் பதவிகளைப் பங்கிடுவதில் வாரங்களைக் கழித்தனர். ஜூலையில் மன்ரோவியாமீது எறிகுண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோதும் பேச்சு முடிந்தபாடில்லை. அங்குச் சென்றிருந்த லைபீரியப் பெண்களும் கானாவில் ஏதிலியராய் வாழ்ந்த அந்நாட்டுப் பெண்களும் பேச்சு நடந்த கூடத்தின் வாயிலில் கைகோத்து அமர்ந்தனர். உடன்பாடு காணும்வரை உள்ளிருப்போர் எவரும் வெளியேறலாகாது என்றனர்.

காவலர்கள் கைது செய்ய வந்தனர். போவி எழுந்து, தம் ஆடையைத் தாமே களையத் துணிந்தார். தாய் ஒருத்தி சினந்து அவ்வாறு செய்வது காண்பவர்க்குப் பெருஞ்சாபம் என்பது மேற்கு ஆப்பிரிக்க மக்களின் நம்பிக்கை. காவலர்கள் பின்வாங்கினர். நடுவராயிருந்த நைஜீரியாவின் மேனாள் ஆட்சித்தலைவர் அப்துல்சலாமி அபுபக்கர் பெண்களின் குறைகளைக் கேட்டார். ஆகஸ்ட் 11இல் டெய்லர் பதவி விலகி நாட்டைவிட்டு நீங்கினார். 18இல் உடன்படிக்கை கையொப்பமானது. இதற்குப் பன்னாட்டு அழுத்தமும் படைகளின் நிலையும் காரணங்களே. எனினும், வாயிலில் அமர்ந்தோரை விலக்கிவிட்டு இவ்வரலாற்றை எழுத இயலாது.

பெண்கள் அத்தோடு வீடு திரும்பிவிடவில்லை. 2005 தேர்தலுக்கு முன் சந்தை சந்தையாகச் சென்று, வாக்காளராகப் பதியுமாறு பெண்களை ஊக்கினர். அத்தேர்தலில் வென்ற எல்லன் ஜான்சன் சர்லீஃப், ஆப்பிரிக்காவில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் குடியரசுத் தலைவரானார். 2011இல் அவருக்கும் போவிக்கும் ஏமன் நாட்டுத் தவக்குல் கர்மானுக்கும் அமைதிக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. மீன்சந்தைத் திடலில் அமர்ந்த மற்றவர் பெயர்களைப் பரிசுப் பட்டியல்களில் காண இயலாது.

இவ்வரலாற்றில் இந்தியப் பெண்களுக்கும் ஓர் இடம் உண்டு. போருக்குப் பின் லைபீரியாவில் அமைதி காக்க ஐக்கிய நாடுகள் அவை 2007இல் பெண்கள் மட்டுமே அமைந்த காவல் அணியொன்றை முதன்முறையாக அமர்த்தியது. நமது மத்திய ரிசர்வ் காவல் படையிலிருந்து சென்றவர்கள் அவர்கள். இந்தியப் பெண்காவலரின் பணி அங்கு 2016வரை தொடர்ந்தது. மன்ரோவியாவின் தெருக்களில் சீருடையணிந்து சுற்றுக்காவல் சென்ற அவர்களைக் கண்ட லைபீரியப் பெண்கள் பலர், தம் நாட்டுக் காவல்துறையில் சேர முன்வந்தனர்.