குதிகால் பதிந்தது, முட்டி மடங்கியது

சி.பி. (செரிப்ரல் பால்சி, பெருமூளை வாதம்) உள்ள என் மகனுக்கு ஆறு வயதில் இரண்டு குதிகால் தசைநாரையும் வெட்டி நீளமாக்கினார்கள். மாவுக்கட்டைப் பிரித்ததும் பாதம் முழுசாகத் தரையில் பதிந்தது. நாத்தனார் ஊருக்கெல்லாம் போன் போட்டு "சரியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டார். ஆனால் அவன் வளர வளர இரண்டு முட்டியும் இன்னும் அதிகமாக மடங்கி, பாதி உட்கார்ந்தபடியே நடக்க ஆரம்பித்தான். நுனிக்காலிலாவது ஓடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு, பள்ளிக்கூட வராந்தாவைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது.

ஆபரேஷனுக்கு முன்பே நான் கேட்டேன், "முட்டியும் மடங்கித்தானே இருக்கு சார், அதைப் பார்க்க வேண்டாமா?" என்று. "நான் டாக்டரா, நீங்க டாக்டரா?" என்றார் அவர். அவர் சொல்லாததை நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

கெண்டைக்காலில் பெரிய தசைகள் இரண்டு. வெளியே தெரிகிற காஸ்ட்ராக்னீமியஸ் முட்டிக்கு மேலே தொடங்குகிறது. உள்ளே இருக்கிற சோலியஸ் முட்டிக்குக் கீழே. இரண்டும் கீழே சேர்ந்துதான் குதிகால் தசைநார். காலை ஊன்றி நிற்கும்போது முட்டிக்குக் கீழுள்ள எலும்பு முன்னால் சாயாமல், கூடாரக் கயிறு மாதிரி இழுத்துப் பிடிப்பது சோலியஸ். அது பிடித்தால் முட்டி தானாக நிமிரும். தசைநாரையே நீளமாக்கினால் இறுகிய தசையோடு இறுகாத தசையும் தளர்ந்துபோகும். பிறகு தொடைத்தசைதான் முழு உடம்பையும் சுமக்க வேண்டும். இரண்டு காலும் பாதித்த சி.பி. குழந்தைகளுக்குக் குதிகாலை மட்டும் தொட்டால் இந்த ஆபத்து உண்டு என்பது எலும்பு டாக்டர்களுக்குப் பழைய பாடம்.

எந்தத் தசை இறுகியிருக்கிறது என்று பார்க்க மிஷின்கூடத் தேவையில்லை. படுக்கவைத்து, முட்டியை நீட்டியபடி பாதத்தை மேலே தள்ளிப் பார்க்க வேண்டும். பிறகு முட்டியை மடக்கிக்கொண்டு தள்ள வேண்டும். மடக்கும்போது மட்டும் பாதம் நன்றாக மேலே வந்தால் இறுக்கம் காஸ்ட்ராக்னீமியஸில்தான், சோலியஸைத் தொடத் தேவையில்லை. சில்ஃபர்ஷோல்ட் என்ற ஸ்வீடன் டாக்டரின் பெயரில் 1920களிலிருந்து இருக்கிற சோதனை இது. எங்கள் பழைய ஃபைலில் இரண்டாவது அளவு எழுதப்படவே இல்லை. உங்கள் டாக்டர் எதிரில் உட்கார்ந்து இரண்டு அளவையும் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

கத்தி வைப்பதற்கு முன்பு நடை ஆய்வகத்துக்குப் போங்கள். தோலில் மின்னும் குட்டி உருண்டைகளை ஒட்டி நடக்கவிடுவார்கள். சுற்றியுள்ள கேமராக்கள் ஒவ்வொரு மூட்டின் கோணத்தையும் பிடிக்கும், தரையில் பதித்த தகடு கால் அழுத்தும் விசையை அளக்கும். "நடக்கிறதைப் படம் பிடிக்க இவ்வளவு காசா?" என்று நாத்தனார் கேட்டார். அந்த அறிக்கை முன்பே கையில் இருந்திருந்தால், இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றையும் சேர்த்தே யோசித்திருப்பார்கள். வருஷத்துக்கு ஒரு ஆபரேஷன் என்று போவதை, வருஷா வருஷம் வரும் பிறந்தநாளோடு ஒப்பிட்டு டொரன்டோவின் மெர்சர் ராங் என்ற டாக்டர் எப்போதோ கிண்டலடித்திருக்கிறார்.

ஆய்வகத்துக்கு உங்கள் வீட்டுக்காரரை லீவு போடச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள். அழுகிற பிள்ளையை ஒரு ஆளாகச் சமாளிக்க முடியாது. என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கும் ஆடிட் வேலை இருந்தது.

ஆய்வகத்துக்குப் போவதற்கு முன் வீட்டு ஹாலிலேயே போனில் வீடியோ எடுத்து வையுங்கள். அரை டவுசர், வெறுங்கால், போன் குழந்தையின் இடுப்பு உயரத்தில். முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. சாயங்காலம் களைத்த பிறகும் கட்டாயம் எடுங்கள். டாக்டர் பார்ப்பது காலை நடையை; நாம் வாழ்வது சாயங்கால நடையோடு.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ரயில் சலுகை, தினசரி நீட்டல் பயிற்சி எல்லாம் உங்களுக்கே தெரியும்.

இப்போது அவன் போடுவது, முட்டிக்குக் கீழே முன்பக்கம் தட்டு வைத்த ஸ்பிளின்ட். சோலியஸ் செய்ய வேண்டிய வேலையை அந்தத் தட்டு செய்து முட்டியைப் பின்னால் தள்ளுகிறது. முட்டி மடங்கியே இறுகிவிட்டால் இதனால் பயனில்லை, தள்ளிப்போடாதீர்கள். மேலே போட ஷூ பெரிய சைஸில், வாய் அகலமாகத் திறப்பதாக வாங்க வேண்டும். நாத்தனார் பரிசாகக் கொடுத்த விலையுயர்ந்த ஷூ இன்னும் பெட்டியோடு அலமாரியில் இருக்கிறது, வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளட்டும்.