வெள்ளம் வந்தும் கலையாத சங்கம்

பாடம்: கூட்டுப் பொறுப்பும் குழுவின் நற்பெயரும்



சில மாதங்களுக்கு முன்பு ஒரு குழுக் கூட்டத்திற்குப் போயிருந்தேன். பதினான்கு பேர் கொண்ட குழு. ஏழு வருடமாக ஒழுங்காக நடக்கிறது. அந்த வருடம் மழையில் பயிர் அழுகிப்போனதால் நான்கு பேரால் உள்கடன் தவணை கட்ட முடியவில்லை. நான் போய் உட்கார்ந்ததும் ஊக்குநர் கேட்டார்: "அக்கா, சேமிப்பைப் பிரிச்சுக் குடுத்துட்டு குழுவைக் கலைச்சிடலாமா? நாலு பேருக்காகப் பத்து பேரு ஏன் மாட்டிக்கணும்?"

அந்த நான்கு பேரும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று அவர்களுக்கு நான் சொன்ன ஒரு சங்கத்தின் கதைதான் இந்த மாதப் பாடம். அது ஜெர்மனி நாட்டுத் திராட்சை விவசாயிகளின் சங்கம். அவர்கள் பழத்தில் ஒயின் செய்து விற்பவர்கள். குடியால் நம் குடும்பங்கள் படும் பாடு எல்லோருக்கும் தெரியும், அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. சங்கத்தை அவர்கள் எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதை மட்டும் பார்ப்போம்.

குளிர் நாட்டில் திராட்சை

ஜெர்மனியின் மேற்கில் ஆர் என்று ஒரு சின்ன ஆறு ஓடி ரைன் நதியில் கலக்கிறது. அதன் இரு பக்கமும் செங்குத்தான மலைச்சரிவு. அந்தச் சரிவில் கல் அடுக்கி, படிப்படியாக வரப்பு கட்டித் திராட்சை போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் கருந்திராட்சை.

நம் கம்பம் பள்ளத்தாக்கு மாதிரி வருடம் முழுக்கப் பழம் பறிக்க அங்கே முடியாது. ஏப்ரலில் துளிர்விட்டு, செப்டம்பர் அக்டோபரில் ஒரே ஒரு அறுவடைதான். துளிர்விடும் நேரத்தில் உறைபனி விழுந்தால் துளிர் கருகிவிடும். அறுவடைக்கு முன் தொடர்மழை பெய்தால் பழம் அழுகிவிடும். ஒரு முறை தவறினால் அடுத்த வருடம்தான்.

அப்படியும் அங்கே பழம் பழுப்பதற்கு அந்த மண்ணில் இருக்கும் பலகைக் கல்தான் காரணம். வெயில் அடித்த பாறையில் பொழுது சாய்ந்த பிறகு உட்கார்ந்தால் சூடு தெரியுமே, அதே மாதிரிதான். பகலில் வாங்கிய சூட்டை அந்தக் கல் இரவில் கொடிக்குக் கொடுக்கிறது. ஆனால் சரிவு செங்குத்தாக இருப்பதால் பெரும்பாலும் கை வேலைதான். பாடு அதிகம், நிலமோ துண்டு துண்டாகக் கொஞ்சம்.

பதினெட்டுப் பேர் தொடங்கியது

150 வருடங்களுக்கு முன்பு அந்த விவசாயிகள் மிகவும் ஏழைகள். பழம் பறித்தால் வைத்திருக்க முடியாது, உடனே விற்றாக வேண்டும். அதைத் தெரிந்துகொண்ட வியாபாரி சொன்னதுதான் விலை. பிழைக்க வழியில்லாமல் பலர் ஊரைவிட்டு அமெரிக்காவுக்கே போனார்கள்.

1868ஆம் ஆண்டு மைஷோஸ் என்ற கிராமத்தில் 18 விவசாயிகள் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். தனித்தனியாகப் பழத்தை விற்காமல், எல்லோர் பழத்தையும் ஒரே இடத்தில் சேர்த்து, சங்கமே ஒயின் செய்து விற்பது என்று முடிவெடுத்தார்கள். உலகிலேயே மிகப் பழமையான திராட்சை விவசாயிகள் கூட்டுறவுகளில் அதுவும் ஒன்று. பிறகு பக்கத்து ஊர்ச் சங்கங்களும் அதோடு இணைந்தன. வெள்ளம் வருவதற்கு முன்பு நானூறுக்கும் மேற்பட்டவர்கள் உறுப்பினர்களாக இருந்தார்கள்.

இப்படிப்பட்ட சங்கங்களில் பொதுவாக இரண்டு விதிகள் கறாராக இருக்கும். ஒன்று, உறுப்பினர் தன் பழம் முழுவதையும் சங்கத்துக்கே கொடுக்க வேண்டும். நல்ல பழத்தை வெளியே விற்றுவிட்டு, சொத்தையைச் சங்கத்தில் தள்ளக் கூடாது. இரண்டு, பழத்தின் இனிப்பைக் கருவி வைத்து அளப்பார்கள். தரத்துக்கு ஏற்ற பணம். தலைவர் வீட்டுப் பழமானாலும் அளவு ஒன்றுதான்.

நமக்கும் அவர்களுக்கும் உறவு

அதே வட்டாரத்தில் வாழ்ந்தவர் ரைஃபைசன் என்ற ஊர்த் தலைவர். 1846-47 குளிர்காலப் பஞ்சத்தில், ஊர் மக்களைச் சேர்த்து மாவு வாங்கி, ரொட்டி சுட்டு, ஏழைகளுக்குக் குறைந்த விலையில் கடனாகக் கொடுத்தார். 1864இல் ஒரு கடன் சங்கம் தொடங்கினார். ஒருவரை ஒருவர் தெரிந்த ஊருக்குள்ளேயே சங்கம், ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு, லாபத்தைப் பிரிக்காமல் பொது நிதியாகச் சேர்ப்பது என்று வைத்தார். படித்தால் நம் குழு விதி மாதிரியே இருக்கிறது, இல்லையா?

காரணம் இருக்கிறது. கந்துவட்டியில் சிக்கிய நம் விவசாயிகளுக்கு வழி தேட, 1892இல் சென்னை மாகாண அரசு பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை நியமித்தது. ஐரோப்பியச் சங்கங்களை ஆராய்ந்த அவர், ரைஃபைசன் வழியே இங்கும் பொருந்தும் என்று அறிக்கை கொடுத்தார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் திரூரில் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. 1989இல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கியபோது, இந்த மண்ணில் அந்த எண்ணத்துக்கு ஏற்கெனவே வேர் இருந்தது.

2021 ஜூலை 14

வழக்கமாக ஒரு மீட்டருக்கும் குறைவாக ஓடும் ஆர் ஆறு, அன்று இரவு பல மீட்டர் உயர்ந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வீடு, பாலம், ரயில் பாதை எல்லாம் போயிற்று. அங்கிருந்த ஒயின் கூடங்களில் ஏறக்குறைய எல்லாமே பாதிக்கப்பட்டன. மைஷோஸ் சங்கத்துக்குள்ளும் சேறும் தண்ணீரும் புகுந்தன. தோட்டங்கள் பெரும்பாலும் சரிவில் இருந்ததால் தப்பின. ஆனால் அறுவடைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. செடியில் பழம் இருக்கிறது, செய்வதற்கு இடமும் இயந்திரமும் இல்லை.

வேறு பகுதித் திராட்சை விவசாயிகள் ஆளும் கருவியுமாக வந்து நின்றார்கள். முன்பின் தெரியாதவர்களும் வந்து சேறு வாரினார்கள். உடையாமல் கிடந்த பாட்டில்களைக் கழுவாமல், சேறு படிந்தபடியே 'வெள்ள ஒயின்' என்று பெயர் வைத்துப் பள்ளத்தாக்கின் உற்பத்தியாளர்கள் சேர்ந்து விற்றார்கள். 40 லட்சம் யூரோவுக்கு மேல், அதாவது அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 35 கோடி ரூபாய் சேர்ந்தது. அது பாதிக்கப்பட்டவர்களுக்குப் போனது. அந்த வருட அறுவடையும் நடந்தது.

பாட்டி கேட்ட கேள்வி

இதைச் சொல்லி முடித்ததும் குழுவிலேயே மூத்த அம்மா ஒருவர் கேட்டார்: "அவங்க பணக்கார நாடு. ஊரே வந்து வாங்குச்சு. நம்ம சேத்தை யாரு தாயி வாங்குவா?"

நியாயமான கேள்வி. நமக்கு அப்படி யாரும் கோடிக் கணக்கில் தரப்போவதில்லை, உண்மைதான். நான் சொன்ன பதில் இது: "முகம் தெரியாத ஜனங்க சேத்துப் பாட்டிலை ஏன் காசு குடுத்து வாங்கினாங்க? அந்த மக்களோட பேரு அப்படி. வருஷக்கணக்கா சம்பாதிச்ச பேரு. உங்க ஏழு வருஷத் தீர்மான நோட்டும் வங்கிக் கணக்கும்தான் உங்க பேரு. கலைச்சா சேமிப்பு ஆளுக்குக் கொஞ்சம் கையில வரும், ஒரு மாசத்துல செலவாயிடும். அந்தப் பேரு திரும்பி வராது. அடுத்த தடவை கஷ்டம்னா கந்துவட்டிக்காரர் வாசல்தான்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த அம்மாவே, "இந்த வருஷம் அவங்க நாலு பேரு, அடுத்த வருஷம் நாமளா இருக்கலாம்" என்றார். நான்கு பேருக்கும் ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டினால் போதும், அசலைப் பிறகு சிறு தவணையாகக் கட்டலாம் என்று தீர்மானம் போட்டார்கள். ஒரு உறுப்பினருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை, கணக்கு முடித்து விலகினார். மற்ற பதிமூன்று பேரும் வாரம் தவறாமல் கூடுகிறார்கள்.

நினைவில் கொள்ள

1. கட்ட முடியாதவர் வேறு, கட்ட மனமில்லாதவர் வேறு. வீட்டுக்குப் போய்ப் பார்த்துப் பிரித்து அறியுங்கள்.
2. சலுகை கொடுத்தால் தீர்மானமாக எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். வாய்ப் பேச்சு சண்டையில் முடியும்.
3. விதி ஊக்குநருக்கும் பிரதிநிதிக்கும் ஒன்றே.
4. நல்ல வருடத்தில் கிடைக்கும் வட்டி வருமானம் முழுவதையும் பிரிக்காதீர்கள். கெட்ட வருடத்துக்குக் கொஞ்சம் ஒதுக்குங்கள். ஆர் ஆற்றில் 1804லும் 1910லும் பெருவெள்ளம் வந்திருக்கிறது. வந்தது திரும்பவும் வரும்.

குழுவில் பேசுங்கள்

• நம் குழுவில் நான்கு பேரால் ஒரே நேரத்தில் தவணை கட்ட முடியாமல் போனால் என்ன செய்வோம்?
• கெட்ட காலத்துக்கென்று நம்மிடம் தனியாக நிதி இருக்கிறதா? எவ்வளவு?
• நம் குழுவின் பேரைச் சொன்னால் வங்கியிலும் ஊரிலும் என்ன சொல்வார்கள்?

பேசி முடிவெடுத்ததை நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.