கல்லூரி வாயிலிற் கலியாண மித்திரர்

சாக்கியர் ஊரொன்றில் பகவான் எழுந்தருளியிருந்த காலத்து, ஆனந்தர் அவரை அணுகி, நன்னட்பு என்பது பிரமசரிய வாழ்வில் பாதியாகும் என்று தமக்குத் தோன்றியதை விண்ணப்பித்துக்கொண்டார். பகவான் அதனை ஏற்றிலர். பாதியன்று, முழுவதும் அதுவே எனத் திருத்தியருளினார். சம்யுத்த நிகாயத்திற் காணும் இவ்வுரையாடலை அன்பர்கள் பலரும் கேட்டிருப்பீர்கள். கேட்டபின், அது பிக்குகளுக்குரிய செய்தி என்று விட்டுமிருப்பீர்கள். தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாக ஒரு பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் தாய் தந்தையர்க்கு அது எத்துணை நெருங்கிய செய்தி என்பதே இப்பாடத்தின் பொருள்.

சிகாலோவாத சூத்திரத்தில் ஆசிரியர் கடமை ஐந்தாகக் கூறப்பட்டுள்ளது. நன்கு பயிற்றுதல், மனங்கொள்ளச் செய்தல், கலைகளை ஒளியாது கற்பித்தல் ஆகிய முதல் மூன்றும் எல்லோரும் அறிந்தவை. நான்காவது, தம் நண்பர் தோழரிடையே மாணாக்கனை அறிமுகஞ் செய்தல். ஐந்தாவது, எல்லாத் திசைகளிலும் அவனுக்குக் காப்புத் தேடித் தருதல். கற்றவர் வீட்டுப் பிள்ளைக்கு இவ்விரண்டும் பிறப்போடு வந்துவிடுகின்றன. தந்தையின் நண்பர் பேராசிரியர். மாமன் அரசு அலுவலர். நம் பிள்ளைக்கோ வகுப்பறைக்கு வெளியே ஒருவரும் இலர்.

கொள்ளேகாலத்துக்கு அப்பாலுள்ள ராமாபுரத்தை எண்ணிப் பாருங்கள். கொள்ளேகாலம் தாலூகா 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து, பின்னர் மைசூரோடு சேர்ந்தது. வீட்டில் தமிழும் பள்ளியிற் கன்னடமும் பேசி வளர்ந்த பிள்ளை ஒருவன் அங்கிருந்து மைசூர்க் கல்லூரிக்குச் சென்றால், அங்கே ஆங்கிலத்தில் நடக்கும் பாடத்தைக் கேட்டு முதல் மாதத்திலேயே தன் அறிவின்மேல் ஐயங்கொள்வான். விடுதியில் இடம் பெறுவது எப்படி, உதவித்தொகைக்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்பன அவனுக்குத் தெரியா. விண்ணப்பத்தில் ‘பௌத்தம்’ என்று எழுதினால் பட்டியல் சாதி உரிமை போய்விடுமோ என்று அஞ்சிப் பொய் எழுதும் மாணவரும் உளர். 1990-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் பட்டியல் சாதியினரான பௌத்தர்க்கும் அவ்வுரிமையை அளித்துள்ளது. இதனைச் சொல்ல ஒரு மூத்த மாணவர் போதும். அவர் இல்லாமையால் படிப்பை விட்டுத் திரும்புவோரை, ‘படிப்பு ஏறவில்லை’ என்று ஊர் கூறிவிடுகிறது. இஃது எவ்வளவு பெரிய பிழை!

பாபாசாகேப் அம்பேத்கரும் இவ்வாயிலில் நின்றவரே. அவர் பள்ளித் தேர்வு ஒன்றிற் தேறியபோது, அவர்தம் சமூகத்தார் பாராட்டுக் கூட்டம் நடத்த விரும்பினர். பையனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று தந்தை ராம்ஜி மறுத்துவிட்டார். அவர்கள் கிருஷ்ணராவ் அர்ஜுன் கேளுஸ்கரிடம் ஓடினர். அவர் வேறு சமூகத்தவர், மராத்தி எழுத்தாளர். தந்தையோடு வாதாடி இசைவு பெற்றுக் கூட்டத்திற்குத் தாமே தலைமை வகித்தார். தாம் எழுதிய புத்தர் வரலாற்றையும் அச்சிறுவனுக்குப் பரிசளித்தார். பாபாசாகேப் தம் இறுதி நூலின் முன்னுரையில் இதனைத் தாமே கூறுகிறார். புத்தகம் கொடுத்ததோடு கேளுஸ்கர் நின்றுவிடவில்லை. பணமின்றிக் கல்லூரிப் படிப்பு தடைப்படும் நிலையில், பரோடா மன்னர் சாயாஜிராவிடம் அம்மாணவரை அறிமுகஞ் செய்தார். மாதம் 25 ரூபாய் கிடைத்தது. 1913-இல் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றதும் அம்மன்னர் உதவியாலேயே. சிகாலோவாதம் கூறும் நான்காம் ஐந்தாம் கடமைகளுக்கு இதனினும் தெளிவான உரை வேண்டுமோ? அன்று கைமாறிய புத்தகம் 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் என்ன பயன் தந்தது என்பதை நாம் அறிவோம்.

நட்பு தற்செயலாக வாய்ப்பதற்கு விட்டுவிடலாமா? வினயம் அவ்வாறு விடவில்லை. புதிதாக உபசம்பதை பெற்ற பிக்கு குறைந்தது ஐந்தாண்டு ஓர் ஆசானைச் சார்ந்திருத்தல் வேண்டும். உபாத்தியாயராக அமைபவர் பத்தாண்டு நிறைந்தவராதல் வேண்டும். ஆசான் மாணாக்கனை மகனாகக் கருதி, அவன் நோயுற்றாற் பணிவிடையும் செய்தல் வேண்டும். ஆசான் பிரிந்தால் வேறோர் ஆசானை அடைதல் வேண்டும். துணையின்றி ஒருவனும் தனித்து விடப்படாமைக்கு இவ்வளவு ஏற்பாடு!

பாபாசாகேபும் அவ்வாறே செய்தார். 1924-இல் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் வழியாகச் சோலாப்பூரில் மாணவர் விடுதி நடத்தினார். 1946-இல் பம்பாயிற் சித்தார்த்தர் கல்லூரி எழுந்தது. நம் காலத்தில், வார்தாவில் அனூப் குமார் 2013-இல் தொடங்கிய நாளந்தா அகாடமி, முதல் தலைமுறை மாணாக்கரைத் தங்கவைத்துப் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு ஆயத்தஞ் செய்கிறது. இத்தகைய இடங்களில் தலைமை என்பது மேடையிற் பிறப்பதன்று. இரண்டாம் ஆண்டு மாணவி முதலாண்டு மாணவியின் விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுக்கும்போது, அவளுக்கே தன் ஆற்றல் புலப்படுகிறது. கற்றுக்கொடுக்கத் தொடங்கியவள் கூட்டத்திற் பேசவும் அஞ்சாள்.

பெரிய பொருட்செலவு இதற்கு வேண்டுவதில்லை. சங்க உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளில் இவ்வாண்டு கல்லூரி புகுவோர் பெயரையும், அதே நகரில் முன்னரே பயில்வோர் பெயரையும் ஒரே ஏட்டில் எழுதுக. ஒருவருக்கு ஒருவரென இணைத்து, பௌர்ணமி தோறும் வந்தனைக்குப் பின் அரைமணி நேரம் அவர்களை உடனிருத்திப் பேசவிடுக. மதிப்பெண்ணைக் கேட்கவேண்டா, விடுதிச் சாப்பாடு, உதவித்தொகை, ஆங்கிலம் இவற்றைக் கேட்டாற் போதும். தாய் தந்தையரையும் ஆண்டிற்கொரு முறை கல்லூரிக்கு அழைத்துச் சென்று காட்டுதல் நன்று. ஏட்டை வைத்துக்கொள்ளும் பொறுப்பு பெரியவர்களிடம் இருக்கவேண்டியதில்லை. சென்ற ஆண்டு பட்டம் பெற்றவர் எவரோ, அவரிடமே கொடுங்கள்.