ஓயாது கற்கும் இயந்திரமும் மலையகத்துச் சொற்களும்

பாடம் முடிந்ததும் மாணவன் நூலை மூடுகின்றான். இரவும் பகலும் நூலை மூடாத மாணவன் ஒருவனை ஆக்க முடியுமா என அமெரிக்காவிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் எண்ணினர். பேராசிரியர் தொம் மிற்செல் தலைமையில், 2010 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், கணினி ஒன்றை இணையப் பக்கங்களை இடையறாது படிக்கச் செய்தனர். ‘நெல்’ என்பது அதன் பெயர்ச் சுருக்கமாகும்.

நகரம், நிறுவனம் போன்ற 123 வகைகளும் 55 தொடர்புகளும் முதலில் அதற்குக் கொடுக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் 10 முதல் 15 வரையான எடுத்துக்காட்டுகளே காட்டப்பட்டன. அது படித்தது ஆங்கிலமேயாயினும், அதன் முறையை எம்மூர்ப் பெயர்களால் விளக்குவோம். ஹற்றன் ஒரு நகரம் என அறிந்த கணினி, “ஹற்றன் முதலிய நகரங்கள்” என்ற தொடரைக் காண்கின்றது; “முதலிய நகரங்கள்” என்பதற்கு முன் நகரப் பெயர் வரும் என ஊகிக்கின்றது. பின்னர் “தலவாக்கலை முதலிய நகரங்கள்” எனக் கண்டவிடத்துத் தலவாக்கலையும் நகரமே எனக் கொள்கின்றது. வெவ்வேறு வழிகளால் ஒரே முடிவு கிடைப்பின் நம்பிக்கை மிகுகின்றது.

இவ்வாறு 67 நாட்களில் 242,453 செய்திகளை அது திரட்டியது. அவற்றுள் நூற்றுக்கு 74 சரியானவை என ஆய்வாளர் மதிப்பிட்டனர். எனினும், பிழையொன்று நுழையின் அது வேறு பிழைகளையும் ஈன்றது. கணினியில் பதியும் ‘குக்கி’ என்னும் சிறு கோப்பைத் தின்பண்டமெனக் கொண்ட இயந்திரம், குக்கியைப் போல் அழிக்கப்படும் பிற கோப்புகளையும் தின்பண்டமென்றே எண்ணத் தலைப்பட்டது. மனிதர் தலையிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று.

இதனால் எமக்குப் பெறப்படுவது யாது? எழுதப்பட்டதையே இயந்திரம் கற்கும். இசைநூல்களை மட்டும் படித்த கணினிக்கு ‘லயம்’ என்பது இசையின் நடையேயாகும். எம் பெற்றோரும் பாட்டன்மாரும் வாழ்ந்த தோட்டக் குடியிருப்பு வரிசை அதற்குத் தோன்றாது. பிரட்டு, கவ்வாத்து, கொழுந்து முதலிய சொற்களின் தோட்டத்து வழக்கும் அத்தகையதே. அவற்றை நன்கறிந்த முதியோர் பலர் ஏட்டில் எழுதாதோர்.

சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி எழுத்தில் நிறுத்தினார். 2005 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் ஏடுகளை இணையத்திற் சேர்த்து வருகின்றது. எழுதும் கையும் சேர்க்கும் இடமும் உண்டென்பதற்கு இவை சான்று.

ஆதலின், எம் மாணவர் விடுமுறையில் தத்தம் தோட்டத்து முதியோரிடம் சொற்களைக் கேட்டு எழுதுவாராக. தனிச்சொல்லை மட்டும் எழுதாது, அது வழங்கும் முழு வாக்கியத்தையும் தோட்டத்தின் பெயரையும் குறித்தல் வேண்டும். ஒருவர் கூறியதை மற்றொருவரிடமும் கேட்டு உறுதிசெய்தல் நன்று. ஆசிரியர் அவற்றைத் திருத்தித் தருவரேல், அச்சிடும் பொறுப்பைப் பழைய மாணவராகிய நாம் ஏற்போம்.