உப்புக் காற்றும் ஃபிரிட்ஜும்: ராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ள வீடுகளுக்கு

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலையொட்டிய தெருக்களில் ஃபிரிட்ஜ் தகராறு செய்தால் முதலில் துருவைத்தான் சந்தேகப்பட வேண்டும். கடல் காற்றில் உப்பு, கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி, தரை துடைக்க உப்பேறிய போர் தண்ணீர் என்று மூன்றும் சேர்ந்து பெட்டியின் அடிப்பாகத்தை அரிக்கின்றன. வந்து பார்ப்பவர்களில் ஒருவர் “கேஸ் போட்டா போதும்” என்பார், இன்னொருவர் “தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க” என்பார். பழுது எந்த இடத்தில் என்று காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

1. உள்ளே விளக்கு எரிந்தும் கம்ப்ரஸர் ஓடவில்லையா? தெர்மோஸ்டாட் குமிழ் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். துடைக்கும்போது கைபட்டுத் திரும்பியிருக்கும். அடுத்து ப்ளக்கைக் கழற்றி அதன் பின்களைப் பாருங்கள். பச்சை பூத்தோ கறுத்தோ இருந்தால் ப்ளக்கையும் சாக்கெட்டையும் மாற்றினாலே சில சமயம் வேலை முடிந்துவிடும்.

2. சில நிமிடங்களுக்கு ஒரு முறை பின்னால் “டிக்” என்று சத்தம் வந்து, கம்ப்ரஸர் உறுமி, உடனே அடங்கினால் ரிலே அல்லது ஓ.எல்.பி. (ஓவர்லோட் ப்ரொடெக்டர்) போயிருக்கலாம். இரண்டும் கம்ப்ரஸரின் பக்கவாட்டில் செருகியிருக்கும் சிறிய பாகங்கள், விலையும் குறைவு. இவற்றை மாற்றிப் பார்க்காமல் “கம்ப்ரஸர் அவுட்” என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

3. ஃப்ரீசரில் கட்டிய பனியைக் கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ பெயர்க்கவே கூடாது. அந்த அலுமினியத் தகட்டுக்குள்தான் கேஸ் ஓடுகிறது. குண்டூசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் கேஸ் முழுவதும் போய்விடும். ஸ்விட்சை அணைத்து, கதவைத் திறந்து வைத்து, உள்ளே ஒரு பாத்திரம் வெந்நீர் வையுங்கள். பனி தானாக நழுவி விழும்.

4. கதவு இடுக்கில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் கேஸ்கெட் தளர்ந்துவிட்டது. நம் ஊர் ஈரக்காற்று அந்த வழியாக நுழைந்துதான் ஃப்ரீசரில் மலையாகப் பனி கட்டுகிறது. சோப்புத் தண்ணீரில் துடைத்து, ஹேர் டிரையரால் மிதமாகச் சூடேற்றி நீவினால் ஓரளவு நிமிரும். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

5. ஃப்ராஸ்ட் ஃப்ரீ பெட்டியில் மேலே ஐஸ் உறைகிறது, கீழே பால் திரிகிறது என்றால் பெரும்பாலும் காரணம் கேஸ் குறைவு அல்ல. டீஃப்ராஸ்ட் ஹீட்டர், சென்சார், உள்ளே காற்றடிக்கும் சிறு ஃபேன் ஆகிய மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

6. இனி, அதிகம் ஏமாறும் இடம். “கேஸ் போச்சுக்கா, போட்டு வுட்டா ஓடிடும்” என்று மெக்கானிக் தம்பி சொல்வார். “எங்க லீக்குன்னு காட்டுப்பா, அப்புறம் போடலாம்” என்று சொல்லுங்கள். ஃபிரிட்ஜ் கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. ஓட்டை இல்லாமல் அது குறையவே குறையாது. ஓட்டையை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த மாதம் அதே செலவு. சரியான வேலை என்பது குழாய்க்குள் நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழி கிளம்பும் இடத்தைப் பிடிப்பது. ஓட்டையை அடைத்த பிறகு பழைய டிரையர் ஃபில்டரைக் கழற்றிப் புதிதாகப் போட வேண்டும். அடுத்து அரைமணி நேரமாவது வேக்கம் பம்பு ஓட வேண்டும். இப்போது வரும் பெட்டிகளில் பெரும்பாலும் ஆர் 600ஏ கேஸ்தான். பெட்டி ஓடும்போது இதன் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாகவே இருக்கும். அதனால் அந்தப் பக்கம் ஓட்டை விழுந்தால் வெளியிலிருக்கும் ஈரக்காற்று உள்ளே போய்விடும். வேக்கம் போடாமல் மூடினால் அந்த ஈரமே நூல் போன்ற கேப்பிலரி குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

எத்தனை கிராம் கேஸ் என்பது பெட்டியின் பின்னாலோ உள்ளேயோ ஒட்டிய லேபிளில் இருக்கும். தராசு வைத்து நிறுத்துப் போடுகிறாரா என்று பாருங்கள்.

7. ஆர் 600ஏ என்பது ஐசோபியூட்டேன், சமையல் கேஸுக்கு நெருங்கிய சொந்தம். கம்ப்ரஸர் மேல் நெருப்புச் சின்னம் போட்ட மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தால் அதுதான். குழாயில் மிச்சமிருக்கும் கேஸைத் திறந்த வெளியில் போக்கிய பிறகே குழாயைப் பற்றவைத்து ஒட்ட வேண்டும். ஒண்டுக் குடித்தனத்துச் சமையலறைக்குள் அந்த வேலையைச் செய்ய விடாதீர்கள். பெட்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வாருங்கள்.

8. பழைய பெட்டிகளுக்குப் பின்னால் கறுப்புக் கம்பி வலை போல காயில் இருந்தது. துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும், மாற்றலாம். இன்று பல பெட்டிகளில் அந்தக் காயிலைப் பக்கத் தகட்டுக்குள் மறைத்து ஃபோம் ஊற்றிவிடுகிறார்கள். கதவு ஓரம் வியர்க்காமலிருக்க வாசல் சட்டத்தைச் சுற்றியும் ஒரு குழாய் ஓடுகிறது. அடிச்சட்டத்தில் வரும் பகுதி, துடைத்த தண்ணீர் தேங்கித் தேங்கி அரித்துப்போகும். ஃபோமுக்குள் இருப்பதை அடைக்க வழியில்லை. மறைந்த குழாயைத் துண்டித்துவிட்டு வெளியே புதுக் காயில் மாட்டுவார்கள். பெட்டியின் மற்ற பாகங்கள் நன்றாக இருந்தால் இது நல்ல வைத்தியம். ஆனால் ஓட்டை ஃப்ரீசர் பக்கமாக ஃபோமுக்குள் விழுந்திருந்தால் அந்தப் பெட்டிக்கு மேற்கொண்டு செலவு வேண்டாம்.

9. துருவைத் தள்ளிப்போட: ஸ்டாண்ட் மேல் வையுங்கள், அடியில் ஈரம் நிற்க விடாதீர்கள். கடல் பார்த்த ஜன்னலுக்கு நேராக வேண்டாம். மாதம் ஒரு முறை ப்ளக்கைக் கழற்றிவிட்டு, பின்பக்கத்தையும் அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். காயில் வெளியே இருந்தால் மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். பெயின்ட் உதிர்ந்த இடத்தில் உடனே துருத்தடுப்பு பிரைமர் பூசுங்கள்.

10. கம்ப்ரஸர் மேல் இருக்கும் தண்ணீர்த் தட்டை வாரம் ஒரு முறை கொட்டிக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அந்தத் தெளிந்த தண்ணீரில் முட்டையிடும்.

11. துருவும் ஈரமும் சேர்ந்த பெட்டியைத் தொட்டால் ஷாக் அடிக்கலாம். லேசாகச் சுருக்கென்றாலும் அன்றே எர்த்தைப் பாருங்கள். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னில் ஓட்டுவதை எந்தக் காரணத்துக்கும் அனுமதிக்காதீர்கள். மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யை மெயினில் போடுவது குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அவசியம்.

12. வெள்ளம் புகுந்த பெட்டியை “ஓடுதா பார்ப்போம்” என்று ஸ்விட்ச் போடாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர், எர்ணாவூர் பக்கம் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய்க் கழிவும் வீடுகளுக்குள் வந்தது. கம்ப்ரஸர் சீல் செய்த இரும்புக் குடுவை என்பதால் நனைந்தாலும் பெரும்பாலும் பிழைக்கும். ரிலே, ஓ.எல்.பி., போர்டு, ஒயர் முனைகள் பிழைக்காது. நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, பல நாள் உலரவிட்டு, இந்தப் பாகங்களைச் சோதித்த பிறகே மின்சாரம். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க மண்ணெண்ணெயோ பெட்ரோலோ தொடவேண்டாம். பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போதும். எண்ணெய் ஊறிய கேஸ்கெட்டை மாற்றிவிடுங்கள், வாசனை போகாது. உள்ளே இருந்த உணவில் எதையும் காப்பாற்ற நினைக்காதீர்கள்.

13. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கு முன்பு மீன் வாங்கி ஃப்ரீசரில் அடுக்கும் வீடுகள் உண்டு. கத்திரி வெயிலும் தடைக்காலத்தில்தான் என்பதால் கம்ப்ரஸர் ஏற்கெனவே திணறும். காற்று வரும் துவாரத்தை மறைக்காமல் அடுக்குங்கள். கருவாட்டை மூடி இறுக்கமான டப்பாவில்தான் வைக்க வேண்டும். அதில் கசியும் உப்புநீர் ஃப்ரீசர் அலுமினியத்தை அரித்துவிடும், கடல் காற்றைவிட வேகமாக.

14. பழுது பார்க்கும் நாட்களில் இன்சுலின் இருந்தால் அதைத்தான் முதலில் கவனியுங்கள். 2 முதல் 8 டிகிரி வேண்டும், உறையவும் கூடாது. ஐஸ் மேல் நேரடியாகப் படாமல் துணி சுற்றி தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள், இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். மற்றபடி கதவைத் திறக்காமல் விட்டால் கீழ்ப்பகுதி நாலு மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும்.

15. மாற்றலாமா, வேண்டாமா? ரிலே, தெர்மோஸ்டாட், கேஸ்கெட், ஹீட்டர், ஃபேன் இவற்றில் எது போனாலும் மாற்றி ஓட்டுங்கள். பத்து வருடம் தாண்டிய பெட்டியில் கம்ப்ரஸர் போனாலோ, அடிச்சட்டம் விரலால் அழுத்தினால் உதிர்ந்தாலோ புதிதுக்குப் போவதே நல்லது. வாரண்டி அட்டையை ஒரு முறை பாருங்கள். பல கம்பெனிகள் கம்ப்ரஸருக்குப் பத்து வருடம் என்று போட்டிருந்தாலும் கேஸும் கூலியும் நம் கையிலிருந்துதான்.

16. புதிது வாங்கும்போது நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள். ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று இருக்கும். ஆறால் வகுத்தால் இரண்டு மாத ஈ.பி. பில்லில் எவ்வளவு ஏறும் என்று தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே வேறு. காயில் வெளியே இருக்கிறதா, பக்கத் தகட்டுக்குள்ளா என்றும் கேளுங்கள். பக்கத்தில் என்றால் சுவரிலிருந்து தள்ளி வைக்க இடம் வேண்டும். இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் மின்சாரத்தை மிச்சப்படுத்தும், ஆனால் அதன் போர்டுக்கு வோல்டேஜ் ஏற்ற இறக்கம் ஆகாது. எந்த வோல்டேஜ் வரை தாங்கும் என்று கேட்டு, தேவைப்பட்டால் டைம் டிலே உள்ள ஸ்டெபிலைசர் வையுங்கள்.

17. பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போடுவதைவிட எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள். செம்புக்காகக் குழாயை வெட்டும்போது கேஸ் காற்றில் கலக்கும், ஆயில் தரையில் ஊறும், ஃபோமைக் கொளுத்தினால் அந்தப் புகையைத் தெருவே சுவாசிக்க வேண்டும். மின் கழிவு விதிகள் 2022இன்படி பழைய ஃபிரிட்ஜை முறையாக மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு. கடைக்கு அனுப்பும்வரை கதவைக் கழற்றியோ கயிற்றால் கட்டியோ வையுங்கள், பிள்ளைகள் ஒளிந்து விளையாட உள்ளே போய்விடுவார்கள்.

18. புதுப் பெட்டியை டாடா ஏஸில் நிமிர்த்தியே கொண்டுவரச் சொல்லுங்கள். குறுகலான மாடிப்படியில் சாய்க்க வேண்டிவந்தால், வைத்த பிறகு நாலைந்து மணி நேரம் ஸ்விட்ச் போட வேண்டாம். கம்ப்ரஸர் ஆயில் கீழே இறங்க அவ்வளவு நேரம் பிடிக்கும்.